அப்பாவின் தி ஃபிளேம்ஸ்: டர்பன் பையன்களின் பாட்டு இன்னும் ஏன் ஓடுகிறது?

யூனிட்_ஐந்து

எல்லாருக்கும் வணக்கம். தி ஃபிளேம்ஸ் என்கிற பாட்டுக் குழுவைக் கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்து ஆட்களைத்தான் முதலில் கேட்கிறேன், ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அப்பாவுக்கு அந்தக் குழு என்றால் உயிர். அப்பா பிறந்தது மேகசின் பாரக்ஸில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது. தாத்தாவுக்கு நகராட்சி வேலை. பாரக்ஸைக் காலி செய்து ஜனங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது அப்பா பள்ளிக்கூடப் பையன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரிசை உண்டு. காலையில் சீர்காழி கோவிந்தராஜன், கோழிக் கறி கொதிக்கும்போது டி.எம்.எஸ்., சாப்பிட்டு முடித்தபின் ஃபிளேம்ஸ். மூன்றாவது பகுதி ஆரம்பித்ததும் நானும் தம்பியும் தெருவுக்கு ஓடிவிடுவோம். எங்களுக்கு அப்போது மைக்கேல் ஜாக்சன்தான் சாமி.

அப்பா இப்போது தம்பி வீட்டோடு போய்விட்டார். செவன் சிங்கிள் என்கிற சின்ன ரெக்கார்டு, எல்.பி. என்கிற பெரிய ரெக்கார்டு எல்லாம் என் தலையில். ஒரு பழைய டர்ன்டேபிள் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். அப்பாவின் பாசத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது. அதிலும் 1968-இல் வந்த ‘ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்’. என் மகளுக்கு வயது பதினைந்து, கேட்பதெல்லாம் கொரியாக்காரர்கள் பாட்டு. அவளே இதைத் தன் போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். தாத்தா மேல் உள்ள பிரியம் என்று நினைக்காதீர்கள், இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

என் கேள்வி: ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பாட்டு. அதுவும் அமெரிக்காக்காரர் பாடியதைத் திரும்பப் பாடியது. இதை இன்னும் எது தூக்கிப் பிடிக்கிறது?

பழைய_காஸ்பா

தங்கச்சி, தமிழ் எழுதுகிற இடத்தில் இந்தப் பெயரைப் பார்ப்பேன் என்று கனவில்கூட நினைக்கவில்லை!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1963-இல் டர்பனில் ஆரம்பித்த குழு. ஸ்டீவ் ஃபதார் கிட்டார். அவர் தம்பி எட்ரீஸ் பேஸ் கிட்டார், அவரை எல்லாரும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொரு தம்பி ரிக்கி டிரம்ஸ், சேர்ந்தபோது வயது பன்னிரண்டோ என்னவோ, ஸ்கூல் பையன். நடுவில் வேறு சிலர் வந்து போனார்கள். கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டவர் பிளாண்டி சாப்ளின். அந்த நாலு பேரைத்தான் நாங்கள் ஃபிளேம்ஸ் என்று சொல்வோம். 1967-இலும் 68-இலும் எல்.பி.கள் வந்தன. உன் அப்பாவிடம் ‘சோல்ஃபயர்’ இருக்கிறதா? இருந்தால் பத்திரம்.

அப்புறம் லண்டன் போனார்கள். அங்கே ஒரு கிளப்பில் வாசித்தபோது, அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த கார்ல் வில்சன் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதை இல்லை, நடந்தது.

மதுரை_டு_உம்லாங்கா

நான் பிழைப்புக்காக இங்கே வந்தவன், இந்தக் குழுவைக் கேள்விப்பட்டதே இல்லை. பதிவைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். கூடவே 1958-இல் ஜெர்ரி பட்லர், இம்ப்ரெஷன்ஸ் குழுவோடு பாடிய முதல் பாட்டையும் கேட்டேன்.

மன்னிக்கணும், எனக்கு அசல்தான் பெரிசாகத் தெரிகிறது. அதில் ஒரு கோயில்தனம் இருக்கிறது. ஃபிளேம்ஸ் பாடியது நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் குழு வந்து எஸ்.பி.பி. பாட்டை அச்சு அசலாகப் பாடினால் கை தட்டுவோம், மறுநாள் எஸ்.பி.பி.யைத்தான் கேட்போம். உங்களுக்கு அப்பா நினைப்பு, ஊர் நினைப்பு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

யூனிட்_ஐந்து

மிச்சம் என்ன என்றுதான் நானும் கேட்கிறேன் தம்பி. என் மகளுக்கு அப்பா நினைப்பும் இல்லை, 1968 நினைப்பும் இல்லை. அவள் எதைக் கேட்கிறாள்?

தாளக்காரன்

நான் மிருதங்கம் வாசிப்பவன், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். ஒரு காது பக்கத்துப் பதில் சொல்கிறேன்.

பாட்டு மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு அடியும் மூன்று மூன்றாகப் பிரிகிறது, நம் கணக்கில் திஸ்ர நடை. விளம்பத்தில், அதாவது மெதுவான காலத்தில், திஸ்ரம் பிடித்தவர்களுக்குத் தெரியும், கை சும்மா இருக்காது. இடைவெளி பெரிசாக இருப்பதால் அதை நிரப்பச் சொல்லி அரிக்கும். இளவட்டம் என்றால் கேட்கவே வேண்டாம், இரண்டு சுற்றுக்குள் ஓட ஆரம்பித்துவிடுவான். ரிக்கி 1952-இல் பிறந்தவர். இந்தப் பாட்டு வெளிவந்த வருஷம் அவருக்குப் பதினாறு நிறையவோ நிறையாமலோ இருக்கும். அந்த வயதில் இப்படிக் காத்திருந்து வாசிப்பதைக் கேளுங்கள். பாடகர் ஒரு வார்த்தையை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தால் டிரம்ஸ் அவரைத் துரத்தாது, நின்று கூட்டிக்கொண்டு போகும்.

பிளாண்டிக்கு ஒரு வயதுதான் கூட. 1951 பிறப்பு. பெரிய மனுஷன் பாடவேண்டிய பாட்டு, ஒரு பையன் தொண்டையில் வருகிறது. பாவனை பண்ணி முதிர்ச்சி காட்டவில்லை. குரல் உச்சிக்குப் போகும்போது கொஞ்சம் கிழிகிறது பாருங்கள், அதை மறைக்கவும் இல்லை. பின்னணியில் சேரும் குரல்கள் நிதானமாக இருப்பதால் அந்தக் கிழிசல் இன்னும் தெரிகிறது. மதுரைத் தம்பி சொன்ன மாதிரி பட்லர் பாட்டில் கோயில் உண்டு. இதில் இருப்பது ஒரு பையனின் தவிப்பு. பாட்டு ஒன்றுதான், பாடுகிற ஆள் வேறு, அதனால் கதையே வேறு.

அச்சு அசல் என்று நீங்கள் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெட்போன் போட்டு இன்னொரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_டீச்சர்

இழையைப் படித்தேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ் பேச வைக்க நாங்கள் இங்கே படாத பாடு படுகிறோம். பிள்ளைகள் தேவாரத்தில் நாலு வரி சொல்வதற்குள் மூச்சு முட்டுகிறது. தமிழில் எழுதக் கிடைத்த ஓர் இடத்தில் ஆங்கிலப் பாட்டுக் குழுவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசவேண்டுமா? அந்தக் குழுவில் தமிழர்கூட ஒருவரும் இல்லையே.

யூனிட்_ஐந்து

டீச்சர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சீர்காழியும் ஃபிளேம்ஸும் எங்கள் வீட்டில் ஒரே ரேடியோகிராமில் ஓடின. ஒன்றை நம்முடையது என்றும் மற்றதை அடுத்த வீட்டுக்காரருடையது என்றும் அப்பா பிரித்ததில்லை. காவடி எடுக்கிற அப்பாவும் அவர்தான், வெல்வெட் காலர் கோட்டு போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த அப்பாவும் அவர்தான். நாம் ஃபிளேம்ஸைப் பற்றித் தமிழில் பேசாவிட்டால் அவர் வாழ்க்கையில் பாதி ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கும்.

பழைய_காஸ்பா

டீச்சர் சொன்னதற்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் நமக்கு ரேடியோவில் என்ன இருந்தது? இந்தியப் பாட்டுக்கு வாரத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். ரேடியோ லோட்டஸ் வந்ததே 1983-இல். அதற்கு முன்னால் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால் ரெக்கார்டு, இல்லாவிட்டால் பயாஸ்கோப். மிச்ச நேரத்துக்கு ஸ்பிரிங்பாக் ரேடியோ, அப்புறம் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கஸிலிருந்து வருகிற எல்.எம். ரேடியோ. டி.வி. என்ற ஒன்று நாட்டுக்குள் வந்ததே 1976 ஜனவரியில். அதனால் பாடுகிறவன் முகம் எப்படி என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கவனியுங்கள். மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1950-இல் வந்துவிட்டது, ஒவ்வொருவனுக்கும் இன முத்திரை. எந்த இனம் எங்கே குடியிருப்பது என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டமும் அதே வருஷம். அதை வைத்துத்தான் உன் தாத்தா மாதிரி ஆட்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். 1965-இல் இன்னோர் அறிவிப்பு: சிறப்பு அனுமதி இல்லாமல் பல இனத்தார் ஒரே அரங்கில் கலந்து உட்காரக் கூடாது. அப்படியானால் ஃபிளேம்ஸ் மாதிரி வெள்ளையர் அல்லாத பையன்களின் நிலை என்ன? ஒரே பாட்டு, ஆனால் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு. ஹாலுக்கு ஹால் கதவு. ரெக்கார்டுக்குக் கதவு கிடையாது. அது எல்லா வீட்டுக்குள்ளும் போனது.

நான் வேலைக்குப் போன இடத்தில் வெள்ளைக்கார ஃபோர்மேன் ஒருவன் இந்தப் பாட்டை முணுமுணுப்பான். இது லண்டன்காரன் பாட்டு என்று அடித்துச் சொல்வான். இல்லை ஐயா, நம் ஊர்ப் பையன்கள், க்ரே ஸ்ட்ரீட் பக்கம் நடந்து போனால் பார்க்கலாம் என்றேன். நம்பவில்லை. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சம்பளம் கூட்டிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு இருந்திருக்காது.

நேரிலும் கேட்டிருக்கிறேன். ஒரு ஹாலில், பெயர் வேண்டாம், கூரை ஒழுகும், ஆம்ப்ளிஃபயர் பாதியில் நின்றுவிடும். வேகப் பாட்டுக்கு ஆடித் தள்ளுவோம். மெதுப் பாட்டு வந்ததும் பெண்கள் பக்கம் பெண்கள், ஆண்கள் பக்கம் ஆண்கள், யார் முதலில் தரையைக் கடந்து போவது என்று தவிப்பு. அண்ணன்மார், மாமன்மார் எல்லாம் கதவோரம் காவல். வீட்டு விருந்துகளில் சிவப்பு பல்பு மாட்டிவைத்து இந்த செவன் சிங்கிளைப் போடுவார்கள். பக்கத்து வீட்டு ஆயா வந்து பல்பைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போடும். எத்தனை கல்யாணம் இந்தப் பாட்டில் ஆரம்பித்தது என்று சாட்ஸ்வொர்த்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆக, டீச்சர், அவர்கள் தமிழர் இல்லைதான். அந்தப் பாட்டைக் கேட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றவர்கள் தமிழர்.

மதுரை_டு_உம்லாங்கா

ஹெட்போன் போட்டுக் கேட்டேன். டிரம்ஸ் விஷயம் உண்மைதான், அசலில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் காஸ்பா அண்ணன் சொன்னது முழுக்கக் காலத்தைப் பற்றியது. அது எனக்கு ஆதரவாகத்தான் முடிகிறது. அடக்கி வைத்த காலத்தில் எந்தப் பாட்டு கிடைத்தாலும் அது பெரிசாகத் தெரியும்.

பழைய_காஸ்பா

எந்தப் பாட்டும் இல்லை தம்பி. அந்தக் காலத்தில் டர்பனில் ஆளுக்கு ஒரு கிட்டார், தெருவுக்கு ஒரு குழு. மற்றவர்கள் பேரை நானே மறந்துவிட்டேன்.

போர்ட்_லூயி

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். தமிழ் படித்தது மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில், பிழை இருந்தால் டீச்சர் அடிக்க வேண்டாம்.

எங்கள் அப்பா பீச் பாய்ஸ் பைத்தியம். வீட்டில் பேச்சு கிரியோல், சாமி கும்பிடத் தமிழ், பாட்டு கலிபோர்னியா. அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது ‘ஹாலந்து’ என்கிற 1973 எல்.பி. நெதர்லாந்துக்கே போய் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தது. முதல் பாட்டு ‘செயில் ஆன், செயிலர்’. அந்தக் குரல் மற்ற பீச் பாய்ஸ் குரல் மாதிரியே இருக்காது, தடிப்பாக, உப்புக் காற்றில் காய்ந்த மாதிரி இருக்கும். யாரப்பா பாடுவது என்று கேட்டால், “நம்ம பக்கத்து ஆள்” என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் தெரிகிறது, அது பிளாண்டி சாப்ளின்! டர்பன் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதானே, நடுவில் கொஞ்சம் கடல்.

தேடிப் படித்ததில் இன்னொன்று. எல்.பி.யைக் கொடுத்ததும் ரெக்கார்டு கம்பெனி, இதில் சிங்கிளாக விடத் தகுந்த பாட்டு இல்லை என்று திருப்பிவிட்டது. அப்புறம் சேர்த்ததுதான் இந்தப் பாட்டு. டென்னிஸ் வில்சன் பாடிப் பார்த்தார், கார்லும் பார்த்தார், கடைசியில் பிளாண்டியிடம் வந்தது. வந்தபோது பெரிசாக ஓடவில்லை, அமெரிக்கப் பட்டியலில் 79-ஆம் இடம். 1975-இல் மறுபடி விட்டபோது 49. ஆனால் இன்றைக்கு அந்தக் குழுவின் எழுபதுகளைப் பற்றிப் பேசினால் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செஸியின் படம் ஒன்றில்கூட வருகிறது.

தாளக்காரன்

இதோ, மதுரைத் தம்பி கேட்ட மிச்சம் இதுதான். கார்ல் வில்சனுக்குக் க்ரே ஸ்ட்ரீட் தெரியாது, சிவப்பு பல்பு தெரியாது. 1969-இல் லண்டன் கிளப்பில் ஒரு குழு வாசிப்பதைக் கேட்டார், அவ்வளவுதான். உடனே தங்கள் சொந்த லேபிளான பிரதர் ரெக்கார்ட்ஸில் போட்டுக்கொண்டார்கள். பீச் பாய்ஸ் தவிர வேறு குழுவுக்கு அந்த லேபிளில் அப்போது வந்த எல்.பி. இது ஒன்றுதான். 1970, தயாரிப்பு கார்ல். ஜேம்ஸ் பிரவுனின் ஃபேமஸ் ஃபிளேம்ஸோடு குழப்பம் வரும் என்று பெயரை ‘தி ஃபிளேம்’ என்று சுருக்கினார்கள். நாலு ஒலிபெருக்கிக்கான குவாட்ரஃபோனிக் கலவை வேறு. அதில் மற்றவர் பாட்டு கிடையாது, எல்லாம் அவர்களே எழுதியது. அதைக் கேட்டுவிட்டு மெல்லிசைக் குழு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

குழு கலைந்ததும் 1972-இல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸில் உறுப்பினர்கள் ஆனார்கள். பிளாண்டி பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸோடு மேடை ஏறினார், பிரையன் வில்சனோடும் வருஷக்கணக்கில் ஊர் சுற்றினார். ரிக்கி, அமெரிக்கப் பாடகி போனி ரெயிட்டின் நெடுநாள் டிரம்மர். இன்னொரு கூத்து: பீட்டில்ஸைக் கிண்டல் செய்த ரட்டில்ஸ் என்ற குழுவில், 1978-இல், ஜார்ஜ் ஹாரிசன் மாதிரி ஆள் வேஷம் நம் ரிக்கிக்கு. அவர் வாயைத் திறந்து பேசவே மாட்டார்.

மதுரை_டு_உம்லாங்கா

சரி அண்ணே. எல்.பி. முழுக்கக் கேட்டேன். அது வேறு குழு மாதிரி இருக்கிறது, பீட்டில்ஸ் வாசனை தூக்கலாக. நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் உண்மை சொல்லட்டுமா? அதைக் கேட்டு முடித்ததும் நான் திரும்பப் போய்க் கேட்டது அந்த மெதுப் பாட்டைத்தான். சொந்தப் பாட்டு எழுதினால்தான் கலைஞன் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன், என் கை வேறு இடத்துக்குப் போகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யூனிட்_ஐந்து

அப்பாவிடம் போன் போட்டு இழையைப் படித்துக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் கத்த வேண்டியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

“கார்ல் வில்சன் கூட்டிக்கொண்டு போனார், ரோலிங் ஸ்டோன்ஸ் கூட்டிக்கொண்டு போனார்கள், எல்லாம் சரி. ஸ்டீவ் திரும்பி வந்தாரே, அதை யாராவது எழுதினார்களா?”

அவருக்கு ஸ்டீவ்தான் எல்லாம். வெளிநாடு எல்லாம் பார்த்துவிட்டு டர்பனுக்கே திரும்பி, சின்னச் சின்ன இடங்களில், சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் போய்க் கேட்டிருக்கிறார்கள். பழைய பாட்டைக் கேட்டு யாராவது சீட்டு அனுப்புவார்களாம், அவரும் சலிக்காமல் வாசிப்பாராம். 2020 ஜனவரியில் ஸ்டீவ் தவறியபோது அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எங்களுக்குச் சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

மகளிடமும் கேட்டேன், ஏன் பிடிக்கிறது என்று. “அந்த அண்ணன் அழாமல் பாடுகிறார்” என்றாள். அதற்கு மேல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள், விட்டுவிட்டேன். தாளக்காரர் சொன்ன நிதானமும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போதைய பாட்டுகளில் சோகம் என்றால் முதல் வரியிலேயே கொட்டிவிடுகிறார்கள். இதில் பையன் பிடித்துவைத்துக்கொண்டே போகிறான், ஒரே ஓர் இடத்தில்தான் கை நழுவுகிறது. அந்த இடம் வரும் என்று தெரிந்தே காத்திருக்கிறோம். காஸ்பா அண்ணன் காலமும் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலம் தெரியாதவளுக்கும் அந்த இடம் கேட்கிறது.

மாரிட்ஸ்பர்க்_டீச்சர்

என் கருத்தை நான் முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இழையில் ஆறு பேர் இவ்வளவு நீளமாகத் தமிழில் சண்டை போட்டிருக்கிறீர்கள், என் வகுப்பில் இதில் கால் பங்குகூட நடக்காது. தாத்தா பாட்டியின் இளமைக் காலம் பற்றி வகுப்பில் கட்டுரை கேட்டிருக்கிறேன். வருகிறதெல்லாம் கரும்புத் தோட்டம், கப்பல், தெருக்கூத்து. எல்லாப் பிள்ளையும் ஒரே கட்டுரையை எழுதுகிறது. சிவப்பு பல்பை ஒருவரும் எழுதவில்லை. யூனிட் ஐந்து அம்மா, உங்கள் மகளை எழுதச் சொல்லுங்களேன். தமிழில்.

போர்ட்_லூயி

ரெக்கார்டைக் கழுவுவது எப்படி? அப்பாவின் ‘ஹாலந்து’ உறையில் பூஞ்சை, தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

தாளக்காரன்

முதலில் உறையைத் தனியாக எடுத்து வையுங்கள், பூஞ்சை திரும்பத் தட்டுக்கே வரும். உள் உறை புதிதாக வாங்கிவிடுங்கள். தட்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டு மூன்று சொட்டு வாசனை இல்லாத பாத்திர சோப்பு, மெல்லிய பிரஷ். கோடு போகும் திசையிலேயே சுற்றித் துடைக்கவேண்டும், குறுக்கே தேய்த்தால் போச்சு. நடு லேபிளில் தண்ணீர் படக் கூடாது. வெயிலில் காய வைக்காதீர்கள், உங்கள் ஊர் வெயிலுக்குத் தட்டு அப்பளமாக வளையும். முள்ளையும் மாற்றுங்கள், தேய்ந்த முள் நல்ல ரெக்கார்டைத் தின்றுவிடும்.

யூனிட்_ஐந்து

குறித்துக்கொண்டேன், எங்கள் தட்டுகளுக்கும் இதே வைத்தியம் வேண்டும்.

டீச்சர், மகளிடம் சொன்னேன். தமிழில் ஒரு பக்கம் எழுதினால் ஒரு எல்.பி. அவளுக்கே என்று தாத்தா சொல்லிவிட்டார். அவள் பக்கத்துக்கு ஒன்று கேட்கிறாள். பேரம் நடக்கிறது.

பழைய_காஸ்பா

எந்த எல்.பி.? ‘சோல்ஃபயர்’ என்றால் பத்துப் பக்கத்துக்குக் குறைந்து கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லு.